நீல வளையம் போட்ட அத்தைகள்

“இது பிரம்மா ஜாதி,” என்று பண்ணைக்காரி தெல்லெர்வோ முதல் கோழியைத் தூக்கிக் காட்டினாள். காலெல்லாம் இறகு, தலையணை மாதிரி உடம்பு. “பக்கத்துல மரம் முறிஞ்சு விழுந்தாலும் அப்படியா, விழுந்துடுச்சான்னு கேட்டுட்டுத் தூங்கப் போயிடுவா. அடுத்தது இந்த வெள்ளை லெகார்ன். இலை விழுந்தா கத்துவா. விழலேன்னா, ஏன் இன்னும் விழலேன்னு கத்துவா.”

“மூணாவது?”

“ரோட் ஐலண்ட் செவப்பு. அதிகாரி. நீங்க எங்க போனாலும் பின்னாலயே வந்து சோதனை போடுவா. இந்தப் புள்ளி போட்டது நம்ம நாட்டுக்கோழி. இவளப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். எதச் சொன்னாலும் அதுக்கு நேர்மாறா நடப்பா.”

லாஹ்யா தலையாட்டினாள். நான்கு கோழிகளுக்கும் காலில் நீலப் பிளாஸ்டிக் வளையம் ஒன்று போடப்பட்டிருந்தது. பண்ணையின் அடையாளம். மே மாதம் பனி போனதும் கோழிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வீட்டுக்குப் போகலாம். செப்டம்பரில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தெல்லெர்வோ இரண்டு பக்க ஒப்பந்தத்தை நீட்டினாள். லாஹ்யா கையெழுத்துப் போட்டு, மடித்து, கோட்டுப் பையில் செருகிக்கொண்டாள்.

இருபத்தெட்டு வருஷமாக நூலகப் பேருந்தில் ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோகிறவள் அவள். தீப்பெட்டியின் பின்புறம் எழுதியிருப்பதைக்கூட விடாமல் படிப்பாள். ஏனோ அந்த இரண்டு பக்கத்தை மட்டும் படிக்கவில்லை. அதைப் படித்திருந்தால் இந்தக் கோடை வேறு மாதிரி போயிருக்கும்.

கோழி வளர்க்கும் ஆசை லாஹ்யாவுக்கு எப்போதும் இருந்ததில்லை. கோழிகள் அவள் அண்ணன் என்சியோவுக்காக வந்தவை. இன்னும் சரியாகச் சொன்னால், அவனைக் கட்டிப்போட வந்தவை.

சைமா ஏரிக்கரையில் இருந்த அந்தச் சிவப்பு மரவீட்டை அப்பா இருவருக்கும் சேர்த்து விட்டுப் போயிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்பு என்சியோ ஒரு காரியம் செய்தான். ஓய்வுபெற்ற மின்பணியாளன். கை சும்மா இருக்காது. ஒரு சனிக்கிழமை லாஹ்யா வந்து பார்த்தபோது, கரையோரச் சவுனாவில், அந்த நீராவிக் குளியலறையில், அப்பாவின் விறகு அடுப்பு இல்லை. அது இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு மின்சார அடுப்பு உட்கார்ந்திருந்தது. சுவரில் ஒரு பொத்தான் வேறு.

ஏரிக்கரைச் சவுனாவில் மின்சாரம்! லாஹ்யா ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்காமல் வீட்டுக்குத் திரும்பினாள். என்சியோவும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து இருவரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் அவள், ஒரு வாரம் அவன். ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு ஒருவர் கிளம்ப வேண்டும், இரண்டு மணிக்கு மற்றவர் வர வேண்டும். நடுவில் இருந்த இரண்டு மணி நேரத்தை நாட்டின் எல்லையைக் காப்பதுபோல் காத்தார்கள். சேதி சொல்ல வேண்டுமானால் சமையலறை மேஜையில் கோடை வீட்டு நோட்டு இருந்தது. அப்பா காலத்திலிருந்து யார் வந்தாலும் அதில் தண்ணீர் எத்தனை டிகிரி, என்ன மீன் கிடைத்தது என்று எழுதுவது வழக்கம்.

போன வருஷக் கடைசிப் பக்கத்தில் என்சியோ எழுதியிருந்தான்: “தண்ணீர் 9. படகைக் குளிர்காலத்துக்குக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அடுத்த இலையுதிர் காலத்தில் வீட்டை விற்பதைப் பற்றிப் பேசலாம். — எ.”

இந்த மூன்று வரியை லாஹ்யா நாற்பது தடவையாவது படித்திருப்பாள். விற்பதா? அவளுக்கு மிக்கேலி நகரில் இரண்டறைக் குடியிருப்பு ஒன்று உண்டு. ஆனால் மூச்சு விடுவது இங்கேதான். போன கோடையிலேயே என்சியோ பல வாரம் வராமல் விட்டான். வராமலே இருந்தால் மனம் விட்டுப்போகும், மனம் விட்டுப்போனால் விற்றுவிடுவான். அவனை வாராவாரம் வரவைக்க ஏதாவது உயிருள்ள ஒன்று வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நோட்டில் எழுதினாள்: “நான்கு கோழிகள் இருக்கின்றன. உன் வாரத்தில் நீ வராவிட்டால் அவை பட்டினி கிடக்கும். — லா.”

அடுத்த ஞாயிறு பக்கத்தைத் திருப்பினாள்.

“தண்ணீர் 12. முட்டை 17. வெள்ளைக்கோழியை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று மூன்று நாள் யோசித்தேன். நம் லெம்பி அத்தையேதான். நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் வீடு பற்றிக்கொண்டதுபோல் கத்துகிறாள். நிஜ லெம்பி அத்தையாவது காப்பி குடிக்க நடுவில் நிறுத்துவாள். — எ.”

லாஹ்யா தனியாக நின்று சிரித்தாள். பிறகு, அவன் எழுதியதற்கா சிரித்தோம் என்று கோபம் வந்தது. கோபத்தோடு பேனாவை எடுத்தாள்.

“தண்ணீர் 14. அப்படியானால் பிரம்மா அவுனே அத்தை. கல்யாண வீட்டில் முதலில் உட்கார்ந்த நாற்காலியிலேயே கடைசி வரை இருப்பாளே, அவள். நேற்று மழையில் எல்லாரும் கூட்டுக்கு ஓடினார்கள். இவள் நின்ற இடத்திலேயே நனைந்து, மழை நின்றதும் எதுவும் நடக்காததுபோல் மேய்ந்தாள். — லா.”

சிவப்புக்கோழி ஹில்யா அத்தை ஆனாள். வீட்டுக்கு வருகிறவர்களின் பையைத் திறந்து பார்க்கிற அத்தை. புள்ளிக்கோழி சில்வி அத்தை. மூன்று முறை நிச்சயம் செய்து மூன்று முறையும் கப்பல் ஏறிப் போனவள். சில்வி முட்டையைக் கூட்டில் இட மாட்டாள். ஒருநாள் படகுக்குள், ஒருநாள் என்சியோவின் ரப்பர் செருப்புக்குள்.

“ஹில்யா அத்தை என் கருவிப்பெட்டியைச் சோதித்தாள். ஒரு திருகாணி குறைகிறது. — எ.”

“சவுனாவில் தேடு. வேண்டாத இடத்தில் வேண்டாததைப் பொருத்துவது உன் வழக்கம்தானே. — லா.”

அதற்கு அவன் பதில் எழுதவில்லை. ஆனால் ஒரு வாரமும் வராமல் இருக்கவில்லை. அதுதான் அவளுக்கு வேண்டியது.

ஜூனில் ஒருநாள் அவன் வாரம் முடிந்து அவள் வந்தபோது கூட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கோழிகள் நான்கும் முற்றத்தில். லாஹ்யா நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினாள்: “ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் கதவைச் சாத்து. இந்தக் காட்டில் நரி இருக்கிறது. இது நான்கு வயதுக் குழந்தைக்கும் தெரியும்.” கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டாள்.

பதினெட்டு நாள் கழித்து, கோடை நடு விழா முடிந்த வியாழக்கிழமை. வெயில் சாயவே இல்லை, ஏரி கண்ணாடிபோல் கிடந்தது. லாஹ்யா பாறை வரை நீந்திவிட்டு வரலாம் என்று இறங்கினாள். கதவு திறந்திருந்தது. பத்து நிமிஷம்தானே.

பாதித் தண்ணீரில் திரும்பிப் பார்த்தபோது முற்றத்தில் செந்நிறமாக எதுவோ நிதானமாக நடந்துபோனது. வாயில் ஒரு தலையணை.

கரைக்கு வந்து சேர்ந்தபோது லெம்பி கூரை மேல் இருந்தாள், ஏரியே அதிரும்படி கத்திக்கொண்டு. ஹில்யா விறகு அடுக்குக்குப் பின்னால். சில்வி பிர்ச் மரத்தில், யாரும் எட்ட முடியாத கிளையில். அவுனே மட்டும் இல்லை. அவள் ஓடியிருக்க மாட்டாள். நரியையும் யாரோ விருந்தாளி என்றுதான் நினைத்திருப்பாள். தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்திருப்பாள்.

லாஹ்யா நனைந்த நீச்சலுடையோடு படியில் உட்கார்ந்து அழுதாள். கொஞ்சம் கோழிக்காக. மீதி அந்த இரண்டு கோட்டுக்காக. என்சியோ என்ன எழுதுவான் என்று அவளுக்குத் தெரியும். ‘நான்கு கோழியைக்கூடப் பார்த்துக்கொள்ள முடியாத நமக்கு வீடு எதற்கு? விற்றுவிடலாம்.’

மறுநாள் கடைவாசல் அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு: ‘பிரம்மா பெட்டைக்கோழி விற்பனைக்கு. உடனே.’ அந்த ‘உடனே’யைப் பார்த்து அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

உர்போ என்கிற அந்த ஆள் கோழியைக் கூடையோடு தன் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நின்றார். அதே நிறம், அதே இறகுக்கால். கட்டைவிரலில் பெரிய கட்டு.

“சாந்தமா இருக்குமா?” என்றாள் லாஹ்யா.

“பிரம்மாவாச்சே! பிரம்மான்னாலே சாந்தம்தானே? எந்தப் புத்தகத்துல வேணும்னாலும் பாருங்க.”

“பாத்தேன். அப்படித்தான் போட்டிருக்கு. வெரல்ல என்ன?”

“வெறகு வெட்டினேன்.”

சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. “வெறகா? கேட்டீங்களா, கோழிக்கு வெறகுன்னு பேர் வச்சுட்டார்! அப்ப போன வாரம் கணுக்கால்ல வெட்டினது எது, கோடாலியா?”

“அவ சும்மா வெளையாடுவா,” என்றார் உர்போ அவசரமாக. “கூடையும் உங்களுக்கே. திருப்பிக் கொண்டுவர வேணாம். எதையுமே திருப்பிக் கொண்டுவர வேணாம்.”

நீல வளையத்துக்கு லாஹ்யா ஒரு வழி கண்டாள். பின்னலில் கண்ணி எண்ணிக்கை மறக்காமல் இருக்க ஊசியில் மாட்டுவார்களே, அந்தச் சின்ன வளையம். அவள் பையில் நீலத்தில் பெரிய அளவு ஒன்று இருந்தது. அதைக் கோழியின் காலில் மாட்டுவதற்குள் அவள் கையில் ஐந்து இடத்தில் ரத்தம் வந்தது.

புது அவுனே கூட்டுக்குள் போனதும் ஹில்யாவை அதிகாரப் பதவியிலிருந்து இறக்கினாள். தட்டைக் காலால் கவிழ்த்தாள். சில்வியைத் துரத்தினாள், ஆனால் சில்வி ஏற்கெனவே மரத்தில் இருந்தாள். நூலகப் பேருந்திலிருந்து எடுத்துவந்த கோழிப் புத்தகத்தை லாஹ்யா மறுபடி திறந்தாள். ‘பிரம்மா: பொறுமையும் கனிவும் மிக்க இனம். குழந்தைகளுக்கு உகந்தது.’ அச்சில் வந்ததை அவள் சந்தேகப்பட்டது அன்றுதான் முதல் தடவை.

ஞாயிறு நோட்டில் ஒரு வரி மட்டும் எழுதினாள்: “தண்ணீர் 19. எல்லாரும் நலம்.” எழுதிவிட்டு, எல்லாரும் என்று ஏன் எழுதினோம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே கார் ஓட்டினாள்.

அடுத்த ஞாயிறு பையைக்கூடக் கீழே வைக்காமல் நோட்டைத் திறந்தாள்.

“தண்ணீர் 20. முட்டை 15. அவுனே அத்தை எப்போதும்போல் சாந்த சொரூபி. என் மடியில் தூங்கினாள். கோழி தன்னை வளர்க்கிறவரின் குணத்தை எடுத்துக்கொள்ளும் என்று சொல்கிறார்கள். — எ.”

மடியிலா? லாஹ்யா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவுனே ஒரு வாளியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வாளி தோற்றுக்கொண்டிருந்தது.

இவனிடம் மட்டும் எப்படி? ஒருவேளை உண்மையிலேயே கோழிக்கு ஆளைப் பார்த்துக் குணம் மாறுமோ? அன்று மாலை லாஹ்யா மிக அன்பான குரலில், “அவுனே அத்தை, வாங்க, பழைய ரொட்டி இருக்கு,” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். முழங்காலில் கொத்து விழுந்தது. மருந்து தடவிக்கொண்டே எழுதினாள்: “ஆமாம், அவுனே தங்கம். என்னிடமும் அப்படித்தான். — லா.”

ஜூலை மூன்றாவது வாரம் அவள் முறை. கார்க் கதவை அறைந்து சாத்தினாள். வழக்கமாக இந்தச் சத்தத்துக்கு லெம்பி பத்து நிமிஷம் ஓலமிடுவாள். அன்று ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைக்கோழி சாவகாசமாக நடந்து வந்து, லாஹ்யாவின் செருப்பின் மேல் ஏறி நின்று, அண்ணாந்து பார்த்தது. தூக்கு என்பதுபோல் ஒரு பார்வை. தூக்கினாள். கோழி கண்ணை மூடிக்கொண்டது.

நோட்டில் என்சியோ எழுதியிருந்தான்: “தண்ணீர் 21. லெம்பி அத்தை எப்போதும்போல் ஒரே கூச்சல். — எ.”

லெம்பியின் கூச்சல் அவுனேவுக்கும், அவுனேவின் சாந்தம் லெம்பிக்கும் போய்விட்டதா? அத்தைகள் குணத்தை மாற்றிக் கட்டிக்கொண்டார்களா? இதை எழுதினால் அவன் அவுனேவைக் கவனித்துப் பார்ப்பான். அதனால் லாஹ்யா, மடியில் லெம்பி தூங்கிக்கொண்டிருக்க, எழுதினாள்: “தண்ணீர் 22. லெம்பியின் கூச்சல் தாங்கவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். — லா.”

விஷயம் ஆகஸ்ட் முதல் வாரம் பிடிபட்டது. மழை நாள். லெம்பி சமையலறைக்குள்ளேயே வந்து மடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு காலை நீட்டினாள். நீல வளையம். லாஹ்யா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தாள். வளையத்தின் மேல் பொடிப்பொடியாக எண்கள் அச்சடித்திருந்தன. தடித்த மின்கம்பியின் உறையிலிருந்து வெட்டிய துண்டு. ஓரத்தை அழகாக உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருந்தான்.

முதலில் வந்தது சிரிப்பு. அதன் பிறகு ஒரு கேள்வி, மழைச் சத்தத்தோடு சேர்ந்து மெல்ல வந்தது. விற்கப் போகிறவன் எதற்குக் கோழியை மாற்றி வைக்கிறான்? ‘செத்துவிட்டது, மீதியைத் திருப்பிக் கொடு’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாமே. உப்புத்தாள் வைத்து ஓரத்தைத் தேய்க்கிறவன் போகிற ஆள் இல்லை.

அதைக் கேட்டுவிடலாம்தான். ஆனால் லெம்பியைப் பற்றிக் கேட்டால் அவன் அவுனேவைப் பற்றிக் கேட்பான். ஆகவே கோடையின் மிச்சமெல்லாம் இருவரும் பெரிய மனிதர்களாகப் பொய் எழுதினார்கள். அவுனேவின் பொறுமையைப் பற்றி என்சியோ அரைப்பக்கம் எழுதினான். லெம்பியின் பதற்றத்துக்கு லாஹ்யா மூலிகைக் கஷாயம் சிபாரிசு செய்தாள். “அவளுக்குக் கொடுத்தேன், எனக்குத்தான் தூக்கம் வந்தது,” என்று அவன் பதில் எழுதினான். ஹில்யாவும் சில்வியும் மட்டும் நோட்டில் எப்படியோ அப்படியே நிஜத்திலும் இருந்தார்கள்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. கோழிகளைத் திருப்பிக் கொடுக்கும் நாள். லாஹ்யா இரண்டு மணிக்கு வந்தபோது பிர்ச் மரத்தடியில் என்சியோவின் கார் நின்றது. எல்லையைத் தாண்டி இரண்டு மணி நேரம் உள்ளே.

அவன் கூட்டு வாசலில் நின்றான். மின்பணியாளர் போடும் தடித்த ரப்பர் கையுறை முழங்கை வரை. கொஞ்சம் நரைத்திருந்தான். இரண்டு வருஷத்தில் அவள் அவனைக் கிட்டத்தில் பார்க்கவே இல்லை.

“நீ இன்னும் போகலையா?” என்றாள் லாஹ்யா.

“போயிருப்பேன். பண்ணைக்கு நாலு பேரையும் கூண்டுல ஏத்தி வச்சுட்டுப் போலாம்னு பாத்தேன். மூணு பேர் ஏறியாச்சு.”

“யாரு பாக்கி?”

“சாந்த சொரூபி.”

உள்ளேயிருந்து கூட்டுச் சுவரில் டொக்கென்று ஒரு அடி கேட்டது.

“உன் மடியில தூங்குவாளே. மடியக் காட்டு,” என்றாள் லாஹ்யா.

“உன்கிட்ட தங்கமாச்சே. நீ கூப்புடு.”

“கையுறை எதுக்கு?”

“குளிருக்கு.”

“வெளிய பதினாலு டிகிரி.”

“எனக்கு ரத்தம் கொறைச்சல். உன் கோழி குடிச்சுடுச்சு.”

லாஹ்யா உதட்டைக் கடித்துக்கொண்டாள். “போர்வை எடுத்துட்டு வரேன். நீ அந்தப் பக்கம் போ. நான் இந்தப் பக்கம். தலைய விட்டுட்டு உடம்பப் பிடி.”

“கோழிக்குத் தல எது, உடம்பு எதுன்னு எனக்குத் தெரியும். மின்சாரம்தான் படிச்சேன்னாலும்.”

போர்வை விழுந்தது. அதற்குள் ஒரு சூறாவளி சுழன்றது. என்சியோ சுவரில் மோதினான். லாஹ்யா தவிட்டுச் சாக்கின் மேல் உட்கார்ந்தாள். கடைசியில் அவன் கைகளுக்கிடையில் அவுனே, போர்வைக்கு வெளியே ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. இறகுகளுக்கு நடுவே நீல வளையம்.

இருவரும் அந்தக் காலைப் பார்த்தார்கள். யாரும் கண்ணை எடுக்கவில்லை.

“இந்தப் பண்ணைல,” என்றான் என்சியோ, மூச்சு வாங்கிக்கொண்டே, “கோழிக்கு ஸ்வெட்டர் பின்னுவாங்க போலருக்கு.”

லாஹ்யாவின் காது சிவந்தது. “எப்ப பாத்தே?”

“ஜூலை மொதல் வாரம். கொத்தினதும் காலப் பிடிச்சேன். அம்மாகிட்ட இதே வளையம் ஒரு டப்பா நெறைய இருந்துச்சு, மறந்துட்டியா?”

“அப்பவே கேட்டிருக்கலாமே!”

“கேக்கலாம்னுதான் இருந்தேன். நல்லா ஒரு பக்கம் எழுதணும்னு மனசுக்குள்ள தயார் பண்ணி வச்சிருந்தேன். ரெண்டு கோடு போட்ட வரிக்குப் பதில் மூணு கோடு போடலாம்னு.” அவன் தோளைக் குலுக்கினான். “அடுத்த என் வாரத்துலயே பருந்து வந்துடுச்சு.”

“லெம்பிய.”

“கூரை மேல நின்னு கத்திக்கிட்டிருந்தா. பருந்துக்கு விலாசம் சொன்ன மாதிரி ஆயிடுச்சு.”

“புதுசு எங்க கெடைச்சுது? மடியில வந்து படுக்குது அது!”

“பள்ளிக்கூடத்துல. ரெண்டாம் வகுப்புல முட்டை பொரிக்க வச்சு வளத்தாங்களாம். இருபது பிள்ளைங்க கை மாறி மாறித் தூக்கின கோழி. அதுக்குத் தான் கோழின்னே தெரியாது. உனக்கு எப்ப தெரியும்?”

“ஆகஸ்ட்டுல. உன் கம்பி உறையில நம்பர் போட்டிருந்துச்சு.”

“அந்தப் பக்கத்த உள்ள வச்சு மாட்டணும்னு நெனச்சேன்,” என்றான் அவன், நிஜமாகவே வருத்தப்பட்டு. வேலையில் குறை என்றால் அவனுக்குத் தாங்காது.

அப்போதுதான் லாஹ்யா சிரித்தாள். தவிட்டுச் சாக்கின் மேல் உட்கார்ந்தபடி, கண்ணில் நீர் வரும்வரை. என்சியோவும் சிரித்தான். சிரித்த குலுக்கலில் பிடி தளர, அவுனே போர்வையிலிருந்து வெளியே வந்தாள். மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டியிருந்தது.

பண்ணைக்கு ஒரே காரில் போனார்கள். கூண்டு என்சியோவின் காரில்தான் கொள்ளும் என்பது காரணம். வழியில் இருவரும் குற்றவாளிகளைப்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். லாஹ்யா, “நீயே பேசு. உனக்குத்தான் தைரியம். கேக்காம அடுப்பையே மாத்தினவன்,” என்றாள். “அந்த அடுப்புல அடிப்பக்கம் ரெண்டு விரல் அகலத்துக்கு வெடிப்பு. அப்பாவுக்கே தெரியும். கேட்டிருந்தா நீ அதுல ஈரத்துணி கட்டி இன்னும் பத்து வருஷம் எரிச்சிருப்பே,” என்றான் அவன். கட்டியிருப்பாள்தான்.

தெல்லெர்வோ ஒவ்வொரு கோழியாக வெளியே எடுத்தாள். ஹில்யா, சரி. சில்வி, சரி. வெள்ளைக்கோழி அவள் தோளில் ஏறி உட்கார்ந்து காதுத் தொங்கட்டானைப் பார்த்தது. பிரம்மாவைக் கூண்டுக்குள்ளேயே குனிந்து பார்த்துவிட்டு, கதவைச் சட்டென்று சாத்தினாள்.

“இந்த ரெண்டும் என்னோடது இல்லையே.”

அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நரி, பருந்து, நீச்சல், பத்து நிமிஷம், உர்போ, பள்ளிக்கூடம். தெல்லெர்வோ கடைசிவரை கேட்டாள்.

“ஒப்பந்தத்துல மூணாவது வரி படிச்சீங்களா?”

லாஹ்யா கோட்டுப் பையைத் தடவினாள். மே மாதம் மடித்த மடிப்பு கலையாமல் காகிதம் அங்கேயே இருந்தது. பிரித்தாள். ‘காட்டு விலங்கோ பறவையோ கோழியைக் கொண்டுபோனால் வருத்தப்பட வேண்டாம். ஒரு போன் செய்யுங்கள். வேறு கோழி தருகிறோம்.’

“வருஷா வருஷம் பத்துப் பதினஞ்சு போகும்,” என்றாள் தெல்லெர்வோ. “எல்லாரும் போன் பண்ணுவாங்க. வளையம் செஞ்சு மாட்டினது நீங்க ரெண்டு பேர்தான். அதுவும் தனித்தனியா.”

“இவ நூலகத்துல வேலை பாக்கறா,” என்றான் என்சியோ. “ஊருக்கெல்லாம் படிச்சுக் காட்டுவா.”

“நீ கையெழுத்துகூடப் போடல, பேசாதே.”

“சரி, இந்த ரெண்டையும் கொண்டுபோங்க,” என்றாள் தெல்லெர்வோ, வெள்ளைக்கோழியைத் தோளிலிருந்து எடுத்து நீட்டி. “வெளிக்கோழிய மந்தையில சேத்தா நோய் வரும். நான் எடுத்துக்க முடியாது.” பிரம்மாவின் கூண்டை அவள் காலாலேயே அவர்கள் பக்கம் தள்ளினாள். “இவள, ஆரோக்கியமா இருந்தாலும் எடுத்துக்க மாட்டேன்.”

காரில் வந்து உட்கார்ந்தார்கள். பின்சீட்டில் கூண்டு. லெம்பி லாஹ்யாவின் மடியில். என்சியோ சாவியைத் திருப்பவில்லை.

“உர்போகிட்ட திருப்பிக் குடுத்தா?” என்றான்.

“எதையுமே திருப்பிக் கொண்டுவராதீங்கன்னு சொன்னார். அப்ப எனக்குப் புரியல.”

“உன் குடியிருப்புல வச்சுக்க முடியாது.”

“உன் வீடும் மூணாவது மாடி.”

காற்றில் ஒரு மஞ்சள் இலை வந்து கண்ணாடியில் ஒட்டியது. லெம்பி கத்தவில்லை. பின்னாலிருந்து அவுனேதான் கத்தினாள்.

லாஹ்யா முன்னால் பார்த்தபடியே கேட்டாள். “இலையுதிர் காலம் வந்துடுச்சு. பேசணும்னு எழுதியிருந்தியே.”

“என்ன பேச?”

“வீட்ட விக்கறது.”

என்சியோ கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினான். வலது கட்டைவிரலில் பெரிய கட்டு. “நீதான் சவுனாவுக்குள்ள வரவே இல்லையே. ரெண்டு கோடை. நான் போனாத்தான் நீ வருவேன்னு நெனச்சேன். என் பங்க நீயே வாங்கிப்பேன்னுதான் எழுதினேன்.”

“நீ வரணும்னுதான்டா நான் கோழியே வாங்கினேன்!”

என்சியோ கண்ணாடியில் ஒட்டிய இலையைப் பார்த்தான்.

“கோழிய வச்சுக்கிட்டு எப்படி விக்கறது? வீடு பாக்க வர்றவன் கால அவுனே சும்மா விடுவாளா?”

“குளிர்காலத்துல கூடு தாங்காது.”

“சவுனாவோட பின்சுவர ஒட்டி ஒரு தடுப்பு போடலாம். வெளக்கு ஒண்ணு மாட்டினா போதும். மின்சாரந்தான் அங்க வரைக்கும் இழுத்தாச்சே.” அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். “இது வரும்னு தெரிஞ்சுதான் அப்பவே இழுத்தேன்.”

“பொய் சொல்லாதே. அதான் நோட்டு நெறைய எழுதியிருக்கியே. பனி தள்ளறது யாரு?”

“ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான்.”

“வசந்தம் வந்ததும் எனக்கு வெறகு அடுப்பு வேணும். புதுசு.”

“பாப்போம்,” என்றான் என்சியோ. அவன் வாயிலிருந்து அது வந்தால் பாதிச் சம்மதம் என்று லாஹ்யாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அன்று மாலை, தடுப்புப் பலகைகளை அளந்துவிட்டு, அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சவுனாவுக்குள் போனாள். மேல்தட்டில் உட்கார்ந்து அடுப்பின் மேல் சுட்டுக்கிடந்த கற்களில் ஒரு அகப்பைத் தண்ணீர் வீசினாள். ஆவி எழுந்து முதுகைத் தொட்டது. வாசலுக்கு வெளியே என்சியோ பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன்போல் நின்றான்.

“எப்படி இருக்கு?”

“கொஞ்சம் வறட்டுச் சூடு,” என்றாள் உள்ளிருந்து. இன்னொரு அகப்பை வீசும் சத்தம் கேட்டது. “மோசம்னு சொல்ல மாட்டேன்.”

மேஜை மேல் நோட்டு திறந்து கிடந்தது. அன்றைய தேதியின் கீழ் இரண்டு கையெழுத்து, ஒன்றன் கீழ் ஒன்று.

“தண்ணீர் 11. லெம்பி அத்தைக்குக் கத்தவே தெரியாது. ஜூலையிலிருந்து தெரியாது. — லா.”

“அவுனே அத்தை கொத்தினாள். இரண்டு பேரையும். — எ.”